இஸ்சீரியலைசபிள் கேட்டால் போதுமா?

மழைக்குருவி:
டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-ல் ஓடும் பழைய ஷாப்பிங் தளம். செஷனை (ஒவ்வொரு பயனருக்கும் தளம் தனியாக வைத்திருக்கும் டேட்டா) இன்ப்ராக்கிலிருந்து, அதாவது தளத்தின் சொந்த மெமரியிலிருந்து, எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸுக்கு மாற்றியதும் கூடையில் பொருள் சேர்க்கும்போதெல்லாம் எக்ஸெப்ஷன். பார்த்தால், கூடை கிளாஸின் தலையில் 'இதைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கலாம் (சீரியலைஸ்)' என்று சொல்லும் சீரியலைசபிள் ஆட்ரிபியூட் இல்லை. இன்ப்ராக்கில் ஆப்ஜெக்ட் மெமரியிலேயே கிடப்பதால் இத்தனை வருஷம் தெரியவில்லை. இனி செஷனில் போடும் முன் கெட்டைப்.இஸ்சீரியலைசபிள் (அந்த ஆட்ரிபியூட் உண்டா என்று சொல்லும் ப்ராப்பர்ட்டி) பார்த்து, ஃபால்ஸ் என்றால் அங்கேயே நிறுத்தப் போகிறேன். சரிதானே?

அரைக்கோப்பை:
நீங்கள் நேரடியாக கூடையைப் போட்டதால் பிடிபடுகிறது. அதையே ஒரு லிஸ்ட்டில் வைத்துப் போடுங்கள். லிஸ்ட்டுக்கு ஆட்ரிபியூட் உண்டு, அதனால் ட்ரூ என்றுதான் வரும். உள்ளே இருப்பதை அது எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் இங்கே செல்லாது ப்ரோ. இன்னொன்று, சைல்ட் கிளாஸில் ஆட்ரிபியூட் இருந்து பேஸ் கிளாஸில் இல்லை என்றாலும் ட்ரூதான். ஆப்ஜெக்ட்டைப் பைட்டுகளாக்கும் பைனரிஃபார்மேட்டர் அதை ஏற்காது. யூனிட் டெஸ்ட்டில் நிஜமாகவே சீரியலைஸ் செய்து திரும்ப எடுத்துப் பாருங்கள்.

மழைக்குருவி:
டெஸ்ட்டையும் முழுசாக நம்ப முடியாதே. டெஸ்ட்டில் கூப்பன் ஃபீல்டு நல் (காலி) என்று வையுங்கள். கூப்பன் கிளாஸில் ஆட்ரிபியூட் இல்லாவிட்டாலும் பாஸ் ஆகிவிடும். யாராவது கூப்பன் போட்ட அன்றைக்குத்தான் வெடிக்கும்.

அரைக்கோப்பை:
அது டெஸ்ட் டேட்டாவின் குறை. எல்லா ஃபீல்டையும் நிரப்பிவிட்டு ஓட்டுங்கள்.

மழைக்குருவி:
நாற்பது ஃபீல்டு இருக்கிறது, நீங்கள் வந்து நிரப்புகிறீர்களா? ரிஃப்ளெக்ஷனில் (கோடே கிளாஸின் அமைப்பைப் படிக்கும் வசதி) ஒவ்வொரு ஃபீல்டின் டைப்பாக இறங்கிப் போனால் நல் ஒரு பிரச்சினையே இல்லை. நான்சீரியலைஸ்டு (இதைச் சேமிக்காதே என்ற குறி) போட்ட ஃபீல்டை விட்டுவிட்டு, பேஸ் கிளாஸையும் சேர்த்துக் கேட்டால் போதும்.

அரைக்கோப்பை:
ஃபீல்டின் டைப் ஆப்ஜெக்ட் என்றோ இன்டர்ஃபேஸ் என்றோ இருந்தால்? இன்டர்ஃபேஸுக்கு அந்த ஆட்ரிபியூட்டைப் போடவே முடியாது. உங்கள் கோடு அங்கே முட்டி நிற்கும்.

மழைக்குருவி:
நிற்கட்டும். அந்த ஃபீல்டுகளை மட்டும் லாகில் எழுதிவிட்டு, அவற்றுக்கு உங்கள் டெஸ்ட். நாற்பதில் நாலைந்து தேறும்.

பழைய_பிட்:
இரண்டு பேருக்கும் ஒன்று. டாட்நெட் 8-ல் இஸ்சீரியலைசபிளைத் தொட்டாலே கம்பைலர் வார்னிங் வருகிறது. டாட்நெட் 9-ல் பைனரிஃபார்மேட்டரைக் கூப்பிட்டால் எக்ஸெப்ஷன்தான். எப்படியும் ஒருநாள் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும். கூடையில் பொருள் எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டும் ஜேசனாக (வெறும் எழுத்து வடிவ டேட்டா) வைத்தால் என்ன?

மழைக்குருவி:
4.8-ஐ விட்டு நகர மேலே இன்னும் சம்மதம் இல்லை. ஆனால் ஜேசன் 4.8-லும் ஓடுமே! கூடைக்கு மட்டும் இன்றைக்கே மாற்றிப் பார்க்கிறேன்.