வாக்குக் கொடுத்த ஆட்டமும் போக முடியாமற்போன நாளும்

செங்கோட்டையிலிருந்து

கொச்சி கலூர் அரங்கில் ஒரு கால்பந்தாட்டத்துக்கு அழைத்துச் செல்வதாக என் மகனுக்குப் பல மாதங்களுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அதே நாளில் என் மாமனாருக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவாகியிருக்கிறது. உடனிருக்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. மகனோ நாட்காட்டியில் தேதியைச் சுழித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இப்படியொரு நிலையைக் கடந்து வந்தவர்கள், தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

மூணாறிலிருந்து

ஐயா, தங்களுடைய நிலைக்கு மிக நெருக்கமான ஒன்று எங்கள் குடும்பத்திலும் நடந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் அக்காள் மகனுக்கு 2017இல் பத்து வயது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். மூணாறுப் பக்கத்துத் தோட்டங்களில் கால்பந்தாட்டம் என்பது தொலைக்காட்சி கொண்டுவந்த பழக்கம் அன்று. பின்லே கேடயம் என்ற பரிசுக்காகத் தோட்டத்துக்குத் தோட்டம் அணி சேர்த்து ஆடியது துரைமார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பறித்த கொழுந்தை எடைபோட்டு முடித்த கையோடு மைதானத்துக்கு ஓடியவர்களின் பேரன் அவன் என்பதால், அந்த ஆண்டு அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை இந்தியாவுக்கு வருகிறது என்றதும் அவன் என்னைத்தான் பிடித்துக்கொண்டான். அவனுடைய அப்பா திருப்பூரில் வேலையில் இருந்ததால் இப்படிப்பட்ட காரியங்களுக்கெல்லாம் மாமனாகிய நான்தான் பொறுப்பு.

பிரேசில், ஸ்பெயின், வடகொரியா, நைஜர் ஆகிய நான்கும் ஒரே பிரிவில் இருந்தன. அக்டோபர் 7, சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கொச்சியில் பிரேசிலும் ஸ்பெயினும் மோதின. பிரேசிலின் வினிசியஸ் ஜூனியரை அவருடைய கிளப் விடுவிக்கவில்லை என்ற செய்தி வந்தபோதே பையனுக்கு ஒரு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பிரேசிலின் மஞ்சள் சட்டையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்படியே இருந்தது. ஆட்டத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பு, அக்டோபர் 3ஆம் தேதி, கொச்சி மெட்ரோ மகாராஜாஸ் கல்லூரி வரை நீட்டிக்கப்பட்டு, அரங்கத்து வாசலிலேயே ரயில் நிற்கத் தொடங்கியது. ஆலுவாயில் இறங்கி மெட்ரோ ஏறி அரங்கத்துக்குப் போவதென்று தாளில் படம் வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருந்தான்.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அவன் தனக்காக மட்டும் அங்கே போவதாக இருக்கவில்லை. வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். புல் உண்மையிலேயே அவ்வளவு பச்சையா என்று ஒருவனுக்குத் தெரிய வேண்டும். பந்தை உதைக்கும் சத்தம் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்குமா என்று கேட்டுவரச் சொன்னாள் ஒரு சிறுமி. அரங்கத்தின் மண்ணைக் கொஞ்சம் கொண்டுவரும்படி இன்னொருவன் காலித் தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தான். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்வதாக இவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை இரவு என் தாய்க்கு, அதாவது அவன் பாட்டிக்கு, நெஞ்சுவலி வந்தது. எங்கள் தோட்டப் பிரிவில் இருந்த ஜீப்காரரை எழுப்பி மூணாறுக்குக் கொண்டுவந்தோம். அங்கே முதலுதவி செய்துவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தேனியில் உறவினர்கள் இருந்ததால் ஜீப் அந்தப் பக்கம் திரும்பியது. கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மூணாறிலிருந்து மேற்கே இறங்கினால் அடிமாலி, நேரியமங்கலம் வழியாகக் கொச்சி. கிழக்கே போனால் தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு தாண்டித் தேனி. அவன் வரைந்து வைத்திருந்த அதே சாலையில், எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம். வீட்டில் தனியாக விட முடியாததால் அவனும் உடன் வந்தான். காலையில் நேரமாகிவிடக் கூடாதென்று முந்தின இரவே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவன் அதே சட்டையோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தான்.

போடிமெட்டு வளைவுகளில் இறங்கும்போது, “மாமா, தேனியிலருந்து கொச்சிக்கு பஸ் இருக்கா?” என்று ஒரே ஒரு முறை கேட்டான். என் அக்காள், “பாட்டி கெடக்கிற கெடையில ஒனக்குப் பந்தாட்டம் கேக்குதா?” என்று வெடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மடியில் தாயின் தலையை வைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் அந்தக் கேள்வி அதோடு நிற்கவில்லை. தேனிக்கு அருகே க.விலக்கு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும், மஞ்சள் சட்டையைப் பார்த்து விவரம் தெரிந்துகொண்டு, அதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். பாட்டி உயிர் பெரிதா, பந்து பெரிதா? அதற்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்ல முடியும்? பாட்டிதான் பெரிது என்று சொன்னான். அவன் அதை மனதறிந்துதான் சொன்னான், ஏனென்றால் அவனை வளர்த்ததே அவள்தான். சொல்லச் சொல்ல, தனக்கும் ஒன்று போய்விட்டது என்று சொல்வதற்கான வாய் அவனுக்கு அடைபட்டுக்கொண்டே வந்தது.

மாலையில் மருத்துவர் ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு, வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு அவனை அழைத்துப் போனேன். அங்கே தொலைக்காட்சி இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். விவரம் சொன்னதும் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தி ஆட்டத்தை வைத்தார். பையன் முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து உட்கார்ந்தான். ஏனப்பா என்று கேட்டதற்கு, “டிவில பாத்தா பாத்தாச்சுன்னு ஆயிரும் மாமா” என்றான். ஐந்தாம் நிமிடத்திலேயே ஸ்பெயின் முன்னிலை பெற்றதும், லிங்கன் அதைச் சமன் செய்ததும், இடைவேளைக்குச் சற்று முன் பவுலின்யோ அடித்த கோலும் எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தன. பிரேசில் 2–1 என்று வென்றது. நான் அவனிடம் முடிவைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவன் பள்ளிக்குப் போகவில்லை, செவ்வாய்க்கிழமை போனான். தீப்பெட்டியை உரியவனிடம் திருப்பிக் கொடுத்தான் என்று அவனுடைய ஆசிரியை பின்னர் என்னிடம் சொன்னார்.

பிரிவில் முதலிடம் பெற்ற பிரேசில், அடுத்த சுற்றில் ஹோண்டுராஸுடன் ஆட மறுபடியும் கொச்சிக்கே வந்தது. அது அக்டோபர் 18, தீபாவளி நாள். அதற்குள் என் தாய் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். நான் பையனை அழைத்து, போவோமா என்றேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. “வேண்டாம் மாமா, பாட்டி ஆஸ்பத்திரியிலருந்து வந்த தீவாளி, போனா எல்லாரும் ஏசுவாங்க” என்றான். உறவினர்கள் இதைப் பக்குவம் என்று புகழ்ந்தார்கள். எனக்கு அது பக்குவமாகத் தெரியவில்லை. ஆசைப்படுவதே தவறு என்று ஒரு குழந்தை பத்து நாளில் கற்றுக்கொண்டதாகத்தான் தெரிந்தது. அந்த ஆட்டத்தை பிரேசில் 3–0 என்று வென்று கொல்கத்தாவுக்குப் போய்விட்டது.

இந்த முடிச்சை அவிழ்த்தவள் என் தாய். தீபாவளி கழிந்து ஒரு நாள், அடுப்படியில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எனக்கு உசிரு வந்துச்சு, ஒனக்கு ஆட்டம் போச்சு. ரெண்டும் நெசந்தான் ராசா” என்றாள். பிறகு, போயிருந்தால் என்னென்ன பார்த்திருப்பான் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள்: எத்தனை மணிக்கு பஸ், மெட்ரோவில் எந்தப் பக்கம் உட்காருவான், அங்கே என்ன தின்பான், புல்லைப் பார்த்துவிட்டு அந்தப் பையனிடம் என்ன சொல்லியிருப்பான். சுவரில் ஒட்டியிருந்த படத்தை எடுத்துவந்து காட்டிக்கொண்டே அவன் சொன்னான். மெட்ரோ அரங்கத்து வாசலில் வந்து நிற்கும் இடம் வரை சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், அங்கே வந்ததும் உடைந்து அழுதான். அந்த நாள் முழுவதிலும் அதற்குப் பின்னும் அழாதவன் அப்போதுதான் அழுதான். அவள் சமாதானம் சொல்லவில்லை, வேறு ஆட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை, அவன் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, “அப்புறம், உள்ள போனதும்?” என்று கேட்டாள்.

ஆகவே ஐயா, காரணத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. தாத்தாவின் உடல்நிலை முக்கியம் என்பது அவனுக்கும் தெரியும். அந்தக் காரணத்தை அவன் வருத்தத்தின் எதிரே தராசில் வைத்துவிட மட்டும் வேண்டாம். வீட்டுக்கு வரும் உறவினர்கள் வைக்க முற்பட்டாலும் தடுத்துவிடுங்கள். மாற்றாக ஒரு பந்தோ சட்டையோ அன்றைக்கே வாங்கிக் கொடுப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். வருத்தப்பட்டு முடிப்பதற்குள் நன்றி சொல்ல வேண்டிய கடமை அவன் தலையில் விழுந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

மூணாறு அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் மகளைப் பற்றியும் சொல்லத் தோன்றியது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், படிப்பும் தமிழ்வழி. ஆனால் பந்தாட்டம் என்று வந்துவிட்டால் என் மகளுக்குக் கேரள அணிதான். பள்ளி அணியில் கோல்கீப்பராக நிற்பவள்.

2022இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை மலப்புறம் மாவட்டத்தில் நடந்தது. அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் ஐந்து கோல் அடித்து, கேரளம் 7–3 என்று வென்றதைப் பார்த்தவுடன், இறுதியாட்டத்துக்கு மஞ்சேரி பய்யநாடு மைதானத்துக்குப் போயே தீர வேண்டும் என்றாள். மே 2, இரவு 8 மணி ஆட்டம். மறுநாள் பெருநாள். நான் செவிலியர், பகல் வேலை முடித்து மதியம் கிளம்புவதாகத் திட்டம். எனக்கு அடுத்து வரவேண்டிய பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல் என்று நண்பகலில் தகவல் வந்தது. வார்டை விட்டுவிட்டு வர முடியாது. மாற்று ஆள் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை மாலைவரை இருந்தாலும், நான் அப்போதே மகளை அழைத்து, பெரும்பாலும் போக முடியாது என்று சொல்லிவிட்டேன். “இதோ வந்துவிடுவார்கள்” என்று சொல்லிச் சொல்லி ஒரு பிள்ளையைச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் உட்காரவைப்பது, போக முடியாததைவிடக் கொடியது என்பது என் எண்ணம். செங்கோட்டைக்காரரும் மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

மூணாறுப் பையனைப் போல அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான் வீடு வந்தபின் இருவரும் கைபேசியில் பார்த்தோம். கூடுதல் நேரத்தில் 97ஆம் நிமிடம் வங்காளம் கோல் அடித்தது. 116ஆம் நிமிடம் சஃப்நாத் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் கேரளம் 5–4 என்று வென்று ஏழாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. பக்கத்து வீடுகளில் பட்டாசு வெடித்தது. அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி, “அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன?” என்று கேட்டான். தோற்றிருந்தால் போகாததே நல்லது என்று மனதைத் தேற்றியிருப்பாள். இப்படியொரு ஆட்டமாக அமைந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. நான் அவனைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

மறுநாள் பெருநாள் பிரியாணி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சாப்பிட்ட கையோடு தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போய், முந்தின இரவின் பெனால்டிகளை வரிசை மாறாமல் அவர்களை உதைக்கச் சொல்லித் தான் கோலில் நின்றாள். எனக்கு அன்று விடுப்பு என்பதால் நானும் கூடவே போய் வரப்பில் உட்கார்ந்தேன். வங்காளத்துக்காக உதைத்த பையன் ஒருவன் அடித்ததை அவள் பிடித்துவிட்டு, நேற்று அது கோல்தான் என்று நியாயமாக ஒப்புக்கொண்டு, மறுபடி உதைக்கச் சொன்னாள்.