யாத்திராகமம் 38:8: "தர்ப்பணங்கள்" என்றால் என்ன?

சிப்புட்_டீச்சர்:
எல்லாருக்கும் தோத்திரம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், எட்டுப் பிள்ளைகள். போன வாரம் ஆசரிப்புக் கூடாரம் (மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரம்) பாடம். வாசலில் கூடிய ஸ்திரீகளின் "தர்ப்பணங்களாலே" வெண்கலத் தொட்டி செய்யப்பட்டது என்று வாசித்ததும் ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், ஆடி அமாவாசைக்கு எங்க தாத்தா ஆத்துல செய்வாரே, அதுவா?" அவன் அப்பா வழி இந்துக்கள். எள்ளும் தண்ணீரும் விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். தொட்டி, தண்ணீர், தர்ப்பணம் எல்லாம் அவனுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பதில் தெரியாமல் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் சுவர்ப் படத்தில் "தொட்டி = சுத்திகரிப்பு" என்று ஒரே வரிதான். எனக்கே அது போதவில்லை.

பழைய_கிராணி:
டீச்சர், இங்கே தர்ப்பணம் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. நீர் வார்க்கும் தர்ப்பணம் வடமொழியில் வேறு 'த'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பையன் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் காலத்துக் கண்ணாடி மெருகேற்றிய வெண்கலத் தகடு, உருக்கினால் தொட்டியாகும். பலிபீடத்துக்கு 5 முழ நீளம், 5 முழ அகலம், 3 முழ உயரம் என்று கணக்குச் சொல்லும் வேதம் தொட்டிக்கு அளவே சொல்லவில்லை. யாருடைய கண்ணாடி என்பதைச் சொல்கிறது.

லயத்துப்_பேத்தி:
கிராணி ஐயா சொன்ன கடைசி வரியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், டீச்சர்.

யூத வேத விரிவுரையாளர் ராஷி (1040–1105) இந்த வசனத்துக்கு ஒரு பழைய மரபுக் கதை சொல்கிறார். அலங்காரப் பொருளாயிற்றே என்று மோசேக்கு அந்தக் கண்ணாடிகளை வாங்க மனமில்லை. தேவனோ, மற்ற எல்லாவற்றையும்விட இவையே எனக்குப் பிரியம் என்றாராம். எகிப்தில் அடிமை வேலையில் நைந்துபோன புருஷர்களுக்குப் பெண்கள் சோறு தண்ணீர் கொண்டுபோய், கண்ணாடியில் இருவர் முகத்தையும் சேர்த்துப் பார்த்து, "உன்னைவிட நான்தான் அழகு" என்று சீண்டித் தேற்றினார்களாம். அப்படித்தான் இஸ்ரவேல் ஜனம் பெருகியதாம்.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கதவோரம் ஆணியில் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று தொங்கும், ஒரு மூலையில் ரசம் போயிருக்கும். இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்புமுன் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பொட்டு நேராக இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார். பால் வடியும் மங்கு துடைத்து, வாளி சுமந்து, பால் நாற்றத்தோடு திரும்புகிற வாழ்க்கையில் தன் முகம் என்று அவருக்கு இருந்தது அந்தச் சதுரம்தான். அதைச் சபைக்குக் கேட்டிருந்தால் பாட்டிக்கு என்ன கொடுத்ததாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவர்ப் படத்துச் சமன்பாட்டில் அந்தப் பெண்கள் இல்லவே இல்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

தெலுக்_இந்தான்_தம்பி:
அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

டீச்சர், கழுவும் முறையையும் செய்து காட்டுங்கள். தொட்டி பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே இருந்தது. உள்ளே போகுமுன் ஆசாரியர்கள் சாகாதபடி கைகால் கழுவ வேண்டும் (யாத்திராகமம் 30:20). தொட்டிக்குள் கை விடுவதில்லை, அதிலிருந்து விழுகிற தண்ணீரில் கழுவுவது. எருசலேம் ஆலயத் தொட்டிக்கு முதலில் இரண்டே குழாய், பென் காத்தின் என்பவர் 12 வைத்தார் என்று மிஷ்னா (யூதரின் பழைய சட்டத் தொகுப்பு) சொல்கிறது. வலது கையை வலது பாதத்தின்மேல், இடது கையை இடது பாதத்தின்மேல் வைத்துக் கழுவுவார்கள் என்பது ரபிமார் (யூத வேத போதகர்கள்) மரபு. செய்து பாருங்கள், குனியாமல் முடியாது.

சிப்புட்_டீச்சர்:
அக்கா, இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது. தம்பி, சபைக் குழாயடியில் நானே குனிந்து பார்த்தேன், நெற்றி முழங்காலுக்குக் கிட்டே போய்விடுகிறது.

வெண்கலம் கிடைக்கவில்லை. அம்மாவின் பித்தளைச் செம்பைப் புளி போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். மூக்கு அகலமாக, மஞ்சளாக, ஆனால் முகம் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் கையில்தான் முதலில் கொடுக்கப் போகிறேன்.