ககேயமா ஹிரோனோபு: பாப் குழுவிலிருந்து அனிமேக்கு வந்தது இறக்கமா?

நள்ளிரவு_ரேடியோ:
டிராகன் பால் இசட் தொடக்கப் பாட்டைப் பாடியவர் முன்பு ஏதோ பாப் குழுவில் இருந்தாராமே? அங்கே விலை போகாமல்தான் அனிமேக்கு வந்தார் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? அந்தக் காலத்துப் பாட்டில் எதைக் கேட்கலாம்?

பழைய_கேசட்:
பாதி உண்மை. குழுவின் பெயர் லேசி, ஒசாகா பையன்கள். ஹார்ட் ராக் வாசிக்க ஆசைப்பட்டவர்களை ஐடல்களாக்கி (ரசிகர்களைக் கவர நிறுவனம் உருவாக்கும் பாப் நட்சத்திரங்கள்), ஆளுக்கொரு புனைபெயர் சூட்டி 1977இல் களமிறக்கினார்கள். ககேயமாவுக்கு ‘மிஷெல்’! மறு வருடம் ‘அகாசுகின்-சான் கோயோஜின்’ ஹிட். 1981இல் பிரிந்தார்கள். கிதார் தகசாகியும் டிரம்ஸ் ஹிகுச்சியும் லவுட்னெஸ் என்ற ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கி வெளிநாடுவரை போய்விட்டார்கள். ககேயமா தனியாகப் பாடியது எடுபடவில்லை. சின்னச் சின்ன லைவ் ஹவுஸ்களில் (நேரடி இசை அரங்குகளில்) பாடித்தான் பிழைப்பு.

1985இல் ‘சேஞ்ச்மேன்’ வந்தது (அது அனிமே இல்லை, ஆட்கள் நடித்த சென்டாய், அதாவது சாகசக் குழுத் தொடர்). சொந்தப் பெயரைப் போடாமல் ‘ககே’ என்று போட்டுத்தான் பாடினார். அப்புறம் செயின்ட் செய்யா அனிமே, 1989இல் நீங்கள் கேட்ட டிராகன் பால் இசட் தொடக்கப் பாட்டு ‘சா-லா ஹெட்-சா-லா’.

இதை இறக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐடலாக இருந்தபோது அடக்கி வைத்திருந்த ராக் தொண்டை அங்கேதான் அவிழ்ந்தது. ‘சா-லா’ வெறும் நாயகன் புகழ் பாடும் பாட்டும் இல்லை: டைனோசர் வரும், கெங்கி-டாமா (தொடரில் வரும் ஆற்றல் பந்து) வரும், நாயகன் கோகுவின் பெயர் எங்கேயும் வராது. 1972இன் மசிங்கர் இசட் பாட்டில் ரோபோவின் பெயரையே முழங்குவார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கடைசி ‘ஸ்பார்க்கிங்’ கத்தலை நம்மால் ஒரு தடவைகூட ஒழுங்காக எட்ட முடியாது, அது வேறு கதை.

மொட்டைமாடி_கிதார்:
அண்ணா, அதெல்லாம் சரி. ஆனால் பிழைப்பில்லாதபோது கிடைத்த வேலை என்பதும் நிஜம்தானே? இன்றைக்கு யோஅசோபி மாதிரிப் பெரிய பாப் ஆட்களே ‘ஓஷி நோ கோ’ அனிமேவுக்குப் பாடுகிறார்கள். அன்றைக்கு ‘குழந்தைப் பாட்டுக்காரர்’ என்ற முத்திரை விழுந்திருக்கும். இல்லாவிட்டால் எதற்குப் பெயரை மறைக்க வேண்டும்?

பழைய_கேசட்:
மறைத்தார்தான். ஆனால் ‘சா-லா’வுக்குச் சொந்தப் பெயர்தானே தம்பி? 2000இல் மசிங்கர் பாட்டைப் பாடிய மிசுகி இச்சிரோ, ஜாம் ப்ராஜெக்ட் என்ற அனிமே பாடகர் குழுவை ஆரம்பித்தபோது இவரும் முதல் ஐவரில் ஒருவர். 2015இல் ஒன் பஞ்ச் மேன் அனிமேவுக்கும் அந்தக் குழுதான் பாடியது. ஐம்பதைத் தாண்டிய மனிதர் அந்தச் சுருதியில் நிற்கிறார் என்றால் வேண்டாவெறுப்பாகச் செய்த வேலையா அது?

ரேடியோ, நீங்கள் லேசியின் 1980 ஆல்பம் ‘உச்சூசென் சிக்யூகோ’விலிருந்து ஆரம்பியுங்கள். அதில் ஐடல் வாசனையே இருக்காது. ‘அகாசுகின்’ கேட்டுவிட்டு அதைக் கேட்டால் ஒரே குழுவா என்று தோன்றும்.

நள்ளிரவு_ரேடியோ:
இரண்டையும் கேட்டேன். ‘அகாசுகின்’ நண்பனுக்கு அனுப்பியாகிவிட்டது, யார் குரல் என்று மட்டும் சொல்லவில்லை.