நல்ல கைக்குக் க்ளவுஸ் போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

திருவாரூர் அம்மா:
பையனுக்கு இடப்பக்கம் ஹெமி (ஹெமிப்ளீஜியா, உடம்புல ஒரு பக்கக் கை காலுக்கு பலம் கம்மி), 4 வயசு. நல்ல கைக்குக் க்ளவுஸ் மாட்டி, வராத கையை வேலை செய்ய வைக்கிற பயிற்சி ஆரம்பிச்சோம். தினம் 2 மணி நேரம் வலக்கைக்கு க்ளவுஸ். மூணாவது நாள் திண்ணையில உக்கார வச்சு, கொண்டக்கடலையைக் கிண்ணத்துல எடுத்துப் போடச் சொன்னேன். இடக்கைக் கட்டைவிரல் எப்பவும் போல உள்ளங்கைக்குள்ளயே மடங்கிக் கெடக்கு. விரல் கிட்ட போகும், மணிக்கட்டு உள்பக்கமா திரும்பிக்கும், கடலை உருண்டு ஓடும். நாலஞ்சு தடவை பாத்தான். அப்புறம் க்ளவுஸைக் காட்டி, "இந்தக் கை என்னம்மா தப்பு பண்ணுச்சு?"ன்னான். என் மாமியார் எழுந்து உள்ள போயிட்டாங்க. அன்னிக்குக் கழட்டினது, இன்னும் மாட்டல.

பாபநாசம் அப்பா:
கழட்டினதே நல்லதுங்க. என் பொண்ணு க்ளவுஸ் போட்டா சாமானை வாயால கவ்வி எடுத்தா. ஓ.டி. மேடம் (கை வேலை, அன்றாட வேலை பழக்குற தெரபிஸ்ட்) அதை விட்டுட்டு ரெண்டு கை வேலைக்கு மாத்துனாங்க. எங்க அம்மா மல்லி கட்டுறவங்க. நார் முனையை இவ வலக்கையில குடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னாங்க. தொய்ஞ்சா பூ நழுவிடும். ஒருநாள் டி.வி. பாத்துக்கிட்டே, தொய்ஞ்ச நாரைத் தானா இழுத்துக்கிட்டா. கையைப் பாக்கவே இல்ல! சட்டைப் பட்டனுக்கு ரெண்டு கையும் வேணும். ஒண்ணைப் பூட்டி வைக்கிறது எதுக்கு?

சீர்காழி சித்தப்பா:
அண்ணன் பையன் 8 மாசத்துல எதுக்கும் வலக்கையைத்தான் நீட்டுவான். கிலுகிலுப்பையை இடப்பக்கம் ஆட்டினாலும் வலக்கைதான் குறுக்க வரும். "பீச்சாங்கை நீட்டாத புள்ள"ன்னு எல்லாரும் மெச்சினோம், நானும்தான். ஒரு வயசுக்கு முன்னாடி அப்படி ஒரு கையே வந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டணும்னு அப்ப யாருக்குத் தெரியும்.

பாபநாசம் சார், "எதுக்கு"ன்னு அப்படித் தள்ளிடாதீங்க. அமெரிக்காவுல எட்வர்ட் டாப்னு ஒருத்தர், ஒரு கையோட உணர்வு நரம்பை அறுத்த குரங்குகளைப் பாத்தாரு. அதுங்க அந்தக் கையை அப்படியே விட்டுடுச்சு. நல்ல கையைக் கட்டினதும் விட்ட கையை நீட்டுச்சு. அங்க இருந்துதான் க்ளவுஸ் வந்தது. க்ளவுஸ், ரெண்டு கை வேலைன்னு இந்த ரெண்டு முறையையும் சரிசமமான மணி நேரம் குடுத்துப் பாத்தா பலன்ல பெருசா வித்தியாசம் இல்ல. மொத்தம் 30–40 மணி நேரமாவது சேரணும், அதுதான் கணக்கு. திருவாரூர் அம்மா, கடலை உங்க பையனோட இடக்கைக்கு ரொம்பச் சின்னது. எலுமிச்சம்பழம், ஸ்பாஞ்சுன்னு உள்ளங்கை நிறையப் பிடிக்கிறதுல ஆரம்பிங்க. க்ளவுஸோட படி ஏற விடாதீங்க, விழுந்தா ஊன்றது க்ளவுஸ் போட்ட நல்ல கைதான். யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) போட்டாச்சா? உறக்கத்துல ஸ்பிளின்ட் (கையை மடங்காம பிடிச்சு வைக்கிற பட்டை)...

திருவாரூர் அம்மா:
சித்தப்பா, கார்டெல்லாம் இருக்கு. அவன் கேட்டதுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல.

நாகை அக்கா:
நாங்க க்ளவுஸுக்குக் கண்ணு, மூக்கு வரஞ்சு முயல் ஆக்கிட்டோம். முயல் தூங்குது, அது முழிக்கிறதுக்குள்ள இடக்கை வேலையை முடிக்கணும்னு சொன்னோம். ஒரு வாரம் ஓடுச்சு. அப்புறம் அவனே முயலை எழுப்பி விட்டுட்டான்.