வீடு முழுக்க ஒரே பாட்டு, ஒயர் இல்லாம: வேலூர் பக்கம் செஞ்சு பார்த்தவங்க அனுபவம்

சத்துவாச்சாரி மாடிவீடு

கீழ ஹால், சமையலறை, மாடியில ரெண்டு ரூம், அதுக்கு மேல மொட்டைமாடி. எல்லா இடத்துலயும் ஒரே பாட்டு ஒரே நேரத்துல ஓடணும். எந்த ரூம்ல வேணாமோ அங்க மட்டும் நிறுத்திக்கணும். இதுதான் நான் கேட்டது. ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடையில "ரெண்டு புளூடூத் ஸ்பீக்கர் எடுத்துக்கோங்க சார், ஜோடி சேர்ந்துக்கும்"னு சொன்னாங்க. ஜோடி சேரும், உண்மைதான். ஆனா ரெண்டும் போனுக்குப் பக்கத்துலயே இருக்கணும். போனை எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்குப் போனா கீழ பாட்டு அறுந்துடும். நடுவுல யாராவது போன் பண்ணா, வீடு முழுக்க அந்த ரிங்டோன்தான்.

வைஃபை ஸ்பீக்கர் வேற ரகம். அதுல போன் வெறும் ரிமோட். எந்தப் பாட்டுன்னு நீங்க சொன்னதும் ஸ்பீக்கரே நேரா இன்டர்நெட்ல இருந்தோ வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்தோ எடுத்து வாசிக்கும். போனை அணைச்சுட்டு வெளிய போயிடலாம், பாட்டு நிக்காது. அதனால ஒரே கம்பெனியோட வைஃபை ஸ்பீக்கரா வாங்கி, ஆப்ல ஒரே குரூப்பா சேர்த்தேன்.

எங்க வீட்டு முன்பாதி நைனா எண்பதுகள்ல கட்டினது, ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். மேல கான்கிரீட் தளம், உள்ள கம்பி. ஃபைபர் இழுக்க வந்த பையன் வாசல் பக்கம் ஓட்டை போட்டு, பெட்டியை அங்கயே ஷெல்ஃப்ல வச்சுட்டுப் போயிட்டான். அந்த ஷெல்ஃபை ஒட்டி இரும்பு பீரோ. சமையலறையில பாட்டு திக்கித் திக்கி வந்துச்சு. ஸ்பீக்கர் சரியில்லைன்னு வீட்ல எல்லாரும் ஒரே குரல். ஒரு நீள லேன் கேபிள் வாங்கி ரூட்டரை மாடிப்படி திரும்பற இடத்துல உசரத்துல மாட்டினேன். படிக்கட்டு திறப்பு வழியா சிக்னல் மேலயும் போகுது, கீழயும் வருது. செலவு கேபிளுக்கு மட்டும்தான்.

அப்புறம் மாடிக்குன்னு இன்னொரு ரூட்டர் போட்டதும் வந்தது வேற கூத்து. கீழ நின்னு ஆப்பைத் திறந்தா கீழ இருக்கற ஸ்பீக்கர் மட்டும் தெரியும். மாடிக்குப் போனா மாடியில இருக்கறது மட்டும். குரூப் போடவே முடியல. ஃபைபர் பெட்டி 192.168.1னு ஒரு வரிசை எண் குடுத்துக்கிட்டு இருந்துச்சு, மாடியில போட்ட ரெண்டாவது ரூட்டர் 192.168.0னு தனி வரிசை. வைஃபை பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள ரெண்டு தனி நெட்வொர்க். ஸ்பீக்கருங்க ஒண்ணையொண்ணு தேடற கூப்பாடு ஒரு நெட்வொர்க்குக்குள்ளதான் கேட்கும், ரூட்டரைத் தாண்டிப் போகாது. மாடி ரூட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" மோடுக்கு, அதாவது தனியா எண் குடுக்காம கீழ இருக்கற நெட்வொர்க்கையே நீட்டிக் குடுக்கற மோடுக்கு, மாத்தினதும் எல்லாம் ஒரே லிஸ்ட்ல வந்துடுச்சு. யாருக்காவது பாதி ஸ்பீக்கர் காணலைன்னா முதல்ல போன்ல வைஃபை செட்டிங்ல இந்த வரிசை எண்ணை (ஐபி அட்ரஸ்) பாருங்க. மேலயும் கீழயும் மூணாவது எண் வேறயா இருந்தா கோளாறு அங்கதான்.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

குடியாத்தம் மைக்செட்

நான் முப்பது வருஷமா மைக்செட் வச்சிருக்கறவன். இந்த வைஃபை ஸ்பீக்கர்லாம் பையன் வாங்கியாந்து வச்சான். எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்றேன்.

சவுண்டு ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போவும். மீட்டருக்கு மூணு மில்லி செகண்டுன்னு வச்சிக்கோங்க. எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு, வைகாசி ஒண்ணாந்தேதி, தெரு நெடுக குழாய் கட்டிகினு போன காலத்துல ஒரே ஆம்ப்ளிஃபையர்ல இருந்து 100 வோல்ட் லைன்ல, அதாவது நீள ஒயர்ல நெறைய குழாயைக் கோத்து ஓட்டற முறையில, எல்லாம் ஒண்ணாதான் கத்தும். ஆனா நடுத்தெருவுல நிக்கறவனுக்கு பக்கத்துக் குழாய் முதல்ல, நூறு மீட்டர் தள்ளி இருக்கறது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு செகண்டு கழிச்சுக் கேக்கும். பேச்சு ஒண்ணும் வெளங்காது. அதுக்காகத்தான் குழாயை எல்லாம் ஒரே பக்கமா திருப்பி, சவுண்டு கம்மியா வச்சு, கிட்ட கிட்டக் கட்டுவோம்.

ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல 30, 40 மில்லி செகண்டு வரைக்கும் காது ஒண்ணாத்தான் எடுத்துக்கும். அதைத் தாண்டினா எதிரொலி. வீடு எவ்ளோ பெருசு? பத்து மீட்டர்னா 30 மில்லி செகண்டு. அதனால வீட்டுக்குள்ள தூரத்தால ஒண்ணும் ஆவாது. பெட்டிங்க ஒரே நேரத்துல வாசிக்குதாங்கறதுதான் கேள்வி. எங்களுக்கு ஒயர் இருந்துச்சு, கரண்டு எல்லாக் குழாய்க்கும் ஒண்ணாப் போய்ச் சேர்ந்துடும். ஒயர் இல்லாதப்ப அது எப்படி நடக்குதுன்னு யாராவது வெவரம் தெரிஞ்ச பசங்க சொல்லுங்கப்பா.

ஆற்காடு ராஸ்பெரி

மைக்செட் அண்ணனுக்குப் பதில் சொல்றேன். ஒவ்வொரு வைஃபை பெட்டிக்குள்ளயும் தனித்தனியா ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் இருக்கு. எந்த ரெண்டும் அச்சு அசலா ஒரே வேகத்துல ஓடாது. ரெண்டுக்கும் பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம்னு வைங்க. நிமிஷத்துக்கு 3 மில்லி செகண்ட் விலகும், ஒரு மணி நேரத்துல 180. அதாவது ஒண்ணா ஆரம்பிச்சு விட்டாலும் கால் மணி நேரத்துல எதிரொலி கேட்க ஆரம்பிச்சுடும். அதனால குரூப் வசதி உள்ள சிஸ்டம் எல்லாம் ரெண்டு வேலை பண்ணும். பாட்டுத் துண்டு ஒவ்வொண்ணு மேலயும் "இத்தனை மணிக்கு வாசி"ன்னு நேரம் குத்தி அனுப்பும். பெட்டிங்க அதைக் கொஞ்சம் சேர்த்து வச்சுக்கிட்டு, தங்களோட கடிகாரத்தை அடிக்கடி தலைமைப் பெட்டியோட ஒத்துப் பார்த்து, முந்தினா ஒரு நூலளவு இழுத்தும் பிந்தினா ஒரு நூலளவு விட்டும் வாசிக்கும். சிடி தரத்துல சத்தத்தை செகண்டுக்கு 44,100 தடவை அளந்து எண்ணா வச்சிருக்கும். அதுல ஒண்ணு ரெண்டைக் கூட்டிக் குறைச்சா காதுக்குத் தெரியாது.

நான் இதைக் காசு குடுத்து வாங்காம வீட்டிலயே கட்டினேன். தாத்தா காலத்து ஸ்டீரியோ ஒண்ணு, சித்தப்பா வச்சுட்டுப் போன ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு, ரெண்டும் நல்லாவே பாடும். தூக்கிப்போட மனசு வரல. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ, வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு அது. அதுல ஆடியோ ஜாக் கிடையாது, அதனால மேல ஒரு சின்ன டாக் போர்டு, எண்ணை ஆம்ப்ளிஃபையருக்கு ஏத்த சிக்னலா மாத்திக் குடுக்கறது. ஹால்ல பழைய லேப்டாப் ஒண்ணு சர்வர். ஸ்னாப்காஸ்ட்னு ஒரு இலவச மென்பொருள், மேல சொன்ன நேரம் குத்தற வேலையை அதுதான் பண்ணுது. மில்லி செகண்டுக்கும் குறைவா ஒத்துப் போகுது. ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல வாசப்படியில நின்னு கேட்டுப் பார்த்தாச்சு, பிசிறே இல்ல.

ஆனா அது வழக்கமா ஒரு செகண்ட் பாட்டைச் சேர்த்து வச்சுக்கிட்டுதான் வாசிக்கும். நிறுத்தற பட்டனை அமுக்கினா ஒரு செகண்ட் கழிச்சு நிக்கும். பாட்டுக்குப் பரவாயில்ல. டிவி சத்தத்தை இதுல விட்டா உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம். கிரிக்கெட்ல பேட்ஸ்மேன் அவுட்டாகித் திரும்பி நடக்கும்போதுதான் "அவுட்"டுன்னு சத்தம் வரும். டிவியைத் தனியா விட்டுடுங்க.

அடுத்தது ராஸ்பெரி பையோட மெமரி கார்டு. நம்ம பக்கம் கரண்டு போறதுக்கு நேரம் காலம் கிடையாது. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போனா கார்டு கெட்டுப்போகும். பைகோர்பிளேயர்னு ராஸ்பெரி பைக்கான ஒரு மென்பொருள் இருக்கு, பூட் ஆனதும் முழுசா ராம்ல ஏறிக்கும், கார்டைத் தொடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. அதோட பொருத்தமான சர்வர் லிரியன் மியூசிக் சர்வர். ஸ்க்வீஸ்பாக்ஸ்னு அந்தக் காலத்துல வந்த நெட்வொர்க் பாட்டுப் பெட்டியோட சர்வர்தான் அது, பேரு மாறியிருக்கு. ஸ்க்வீஸ்பாக்ஸ் பெட்டி விக்கறதை லாஜிடெக் 2012லயே நிறுத்திடுச்சு, ஆனா மென்பொருளை ஆர்வலருங்க இன்னைக்கும் வளர்த்துக்கிட்டு இருக்காங்க.

எங்கம்மா கேட்ட கேள்விதான் பெருசு. "நீ பெங்களூர் போயிட்டா இதை யாருடா போடறது?" அதுக்காக சமையலறை பெட்டியில ஒரு பொத்தான் வச்சிருக்கேன். ஒரு தடவை அமுக்கினா பாட்டு, இன்னொரு தடவை அமுக்கினா நிக்கும். அம்மாவுக்கு அது போதும்.

ராணிப்பேட்டை அக்கா

தம்பி, படிக்கவே தலை சுத்துது. அம்மா கேட்டதுதான் எனக்கும் தோணுச்சு!

நாங்க கடையில விக்கற ஸ்மார்ட் ஸ்பீக்கர்தான், மூணு ரூமுக்கு மூணு. ஆப்ல குரூப் போட அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அதுக்கப்புறம் நடந்ததை யாரும் முன்னாடியே சொல்லல, அதனால எழுதறேன். நான் சமையலறையில பாட்டு போட்டா ரூம்ல பையனோட பாட்டு நின்னுடும். அவன் போட்டா எனக்கு நின்னுடும். ஒரு வாரம் ரெண்டு பேரும் இதுக்கே சண்டை. பாட்டு ஆப் தனி ஆள் கணக்கா இருந்தா ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் பாடுமாம். குடும்பக் கணக்குக்கு மாறி ஆளுக்கொரு லாகின் வச்ச பிறகுதான் அமைதி.

நெட் போச்சுன்னா எல்லா ஸ்பீக்கரும் ஊமை. மாமியார் காலையில கேட்கற பக்திப் பாட்டை ஒரு பென்டிரைவ்ல போட்டு ரூட்டர்லயே சொருகி வச்சிருக்கான் பையன். எங்க ரூட்டர்ல அந்த வசதி இருக்கு, எல்லாத்துலயும் இருக்காது.

விருந்தாளிங்க வந்தா வைஃபை பாஸ்வேர்டு கேட்பாங்க இல்ல? குடுத்துட்டா அவங்க போன்லயும் நம்ம ஸ்பீக்கர் தெரியும். நாத்தனார் பையன் பக்கத்து ரூம்ல உட்கார்ந்து பூஜை நேரத்துல குத்துப்பாட்டு விட்டான், சவுண்டு முழுசா. அதுலருந்து கெஸ்ட் நெட்வொர்க்தான் குடுக்கறது.

சமையலறையில ஸ்பீக்கரை அடுப்புக்கு எதிர்ச் சுவத்துல வைங்க. எண்ணெய்ப் பிசுக்கு அந்தத் துணி வலையில படிஞ்சா போகவே போகாது.

ஆரணி மெத்தைவீடு

எங்களுது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், குத்துச்செங்கல், சுண்ணாம்பு. சுவர் ரெண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வைஃபையில 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு சுவரைத் தாண்டினதும் செத்துடுது, 2.4 ரெண்டு சுவர் தாங்குது. மெஷ் வாங்கினோம், பல பெட்டி ஒண்ணுக்கொண்ணு சிக்னலைக் கைமாத்திக் குடுக்கற வைஃபை. சிக்னல் வராத ரூமுக்குள்ள அதோட பெட்டியை வச்சா பிரயோசனமே இல்ல, அதுக்கே சிக்னல் வராதே! பாதி வழியில, இன்னும் நல்லா வர்ற இடத்துல வைக்கணும். எங்களுக்கு அது தாழ்வாரத்துத் தூண்.

சுவர்ல ஓட்டை போட அப்பா விடல. பழைய டிவி கேபிள் மொட்டைமாடி வழியா வர்ற பாதையிலயே லேன் கேபிள் இழுத்துட்டோம். சாதா கேபிள் நம்ம ஊர் வெயில்ல தோல் உரிஞ்சு வெடிச்சுடும், வெளியில போடறதுக்குன்னு கறுப்பு உறை போட்டது கேட்டு வாங்குங்க.

பவர்லைன் அடாப்டர்னு ஒண்ணு, கரண்டு ஒயர் வழியாவே நெட் போகும்னு சொல்லுவாங்க. திரீ பேஸ் வீட்ல முன்கட்டு ஒரு பேஸ்ல, பின்கட்டு இன்னொரு பேஸ்ல இருந்தா ஒழுங்கா வேலை செய்யாது. எங்களுக்குச் செய்யல.

குடியாத்தம் மைக்செட்

ஆற்காடு தம்பி சொன்னது நல்லா வெளங்குச்சு. பாத்தீங்களா, கடைசியில ஆளாளுக்கு ஒயர்தான் இழுத்திருக்கீங்க! புதுசா வீடு கட்டறவங்க ரூமுக்கு ஒரு முக்கா இஞ்ச் பைப்பாவது சுவத்துல பொதைச்சு வச்சிருங்க. இன்னிக்கு ஸ்பீக்கர் ஒயர் போடுவீங்களோ லேன் ஒயர் போடுவீங்களோ, வழி இருக்கும். நான் போட்டுக் குடுத்த 100 வோல்ட் லைன் ஒரு கல்யாண மண்டபத்துல இருபது வருஷமா ஓடிகினு கீது. அதுக்கு அப்டேட்டும் கெடையாது, பாஸ்வேர்டும் கெடையாது.

ஆற்காடு ராஸ்பெரி

அண்ணே, மண்டபத்துல எல்லா இடத்துக்கும் ஒரே பாட்டு. வீட்ல அப்படி இல்லயே. அக்கா வீட்டுச் சண்டையை உங்க லைன் எப்படித் தீர்க்கும்?

ஆனா அப்டேட் விஷயத்துல உங்க பக்கம்தான் நான். கூகுள் 2015ல க்ரோம்காஸ்ட் ஆடியோன்னு ஒரு சின்ன வட்டப் பெட்டி விட்டுச்சு, எந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர்லயும் சொருகிக்கலாம். 2019 ஜனவரியில தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஸ்பீக்கர் இருபது வருஷம் உழைக்கும், உள்ள இருக்கற கம்ப்யூட்டர் அவ்வளவு நாள் தாங்காது. ரெண்டும் ஒரே டப்பாவுக்குள்ள இருந்தா ஒண்ணு போனா ரெண்டும் போச்சு. வாங்கறவங்க பின்னாடி ஆக்ஸ் சாக்கெட் (வெளியில இருந்து ஒயர்ல பாட்டைக் குடுக்கற ஓட்டை) இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சத்துவாச்சாரி மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கரண்டு போய் வந்ததும் ஸ்பீக்கருங்க ரூட்டருக்கு முன்னாடி முழிச்சுக்கிட்டு, நெட்வொர்க் இல்லைன்னு அப்படியே நின்னுடுது. ஒவ்வொண்ணா பிளக்கைப் பிடுங்கிச் சொருக வேண்டியிருக்கு. அப்புறம் இன்வெர்ட்டர்ல ஓடும்போது பழைய ஆம்ப்ளிஃபையர்ல "கொர்"னு ஒரு சத்தம்.

ஆரணி மெத்தைவீடு

ஃபைபர் பெட்டி, ரூட்டர் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போடுங்க. ரெண்டு பெட்டியோட அடாப்டர் எத்தனை ஆம்பியர்னு பார்த்துட்டு வாங்கணும். ரூட்டர் அணையவே இல்லைன்னா ஸ்பீக்கர் வந்ததும் ஒட்டிக்கும். ரூட்டர் செட்டிங்ல ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு எண்ணை நிரந்தரமா ஒதுக்கி வச்சுடுங்க.

குடியாத்தம் மைக்செட்

கொர் சத்தம் ஆம்ப்ளிஃபையர் கோளாறு இல்ல. உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருக்கும், அதாவது ஈபி கரண்டு மாதிரி வழவழன்னு அலையா குடுக்காம வெட்டி வெட்டிக் குடுக்கறது, பழசுல முக்காவாசி அப்படித்தான். ஃபேன்கூட லேசா உறுமும், கவனிச்சுப் பாருங்க. சைன் வேவ் இன்வெர்ட்டர்ல இந்தச் சத்தம் வராது. அதுக்காக இருக்கறதைத் தூக்கிப் போடாதீங்க. லைட்டு ஃபேனுக்கு அது இருந்துட்டுப் போவட்டும். ஆம்ப்ளிஃபையரை மட்டும் இன்வெர்ட்டர் இல்லாத பிளக்குக்கு மாத்திடுங்க. கரண்டு இல்லாதப்ப பேட்டரி இருக்கற சின்ன ஸ்பீக்கர்ல கேட்டுக்கலாம்.