அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: வீடு பார்க்கும்போது வாசல் ரோட்டையும் பாருங்கள்

வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, ஆபீஸ் எவ்வளவு தூரம், பக்கத்தில் இந்தியன் ஸ்டோர் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போய் வர முடியுமா என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. வந்த புதிதில் கார் இருக்காது, லைசென்ஸும் கைக்கு வந்திருக்காது. எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவியாக) வந்தவர் குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். அப்புறம் அப்பா அம்மா வருவார்கள். காலையும் மாலையும் நடந்து பழகியவர்களை அபார்ட்மென்டுக்குள்ளேயே உட்கார வைக்க முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2009-இல் இந்த நாட்டில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022-இல் அது 7,500-ஐத் தாண்டியது. 2023-இல் சற்றே இறங்கி 7,314. ஆனால் இந்த ஆபத்து எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. நியூ மெக்சிகோவில் 2022-இல் ஒரு லட்சம் பேருக்கு நான்குக்கும் மேல் பாதசாரி மரணங்கள். மின்னசோட்டாவில் ஒன்றை ஒட்டித்தான். ஃபுளோரிடா, அரிசோனா, தென் கரோலினா ஆகியவை வருடா வருடம் பட்டியலின் மேல்பக்கத்திலேயே இருக்கின்றன. வடகிழக்கில் மாசசூசெட்ஸ், வெர்மான்ட் பக்கம் எண்ணிக்கை குறைவு.

தெற்கே ஓட்டுகிறவர்கள் மோசம், வடக்கே நல்லவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ரோடு போட்ட விதம்தான் பெரிய காரணம். பாஸ்டன் மாதிரி பழைய ஊர்களில் தெரு குறுகல், நாலு கட்டடம் தாண்டினால் ஒரு சந்திப்பு. ஃபீனிக்ஸ், ஆர்லாண்டோ, டல்லாஸ் சுற்றுவட்டாரம் எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காரை மனதில் வைத்து வளர்ந்தவை. ஆறு லேன் ரோடு, மணிக்கு 45 மைல் போர்டு, இரண்டு பக்கமும் கடை, அபார்ட்மென்ட், நடுவில் எங்கோ ஒரு பஸ் ஸ்டாப், சிக்னலுக்கும் சிக்னலுக்கும் அரை மைல். இறப்புகளில் முக்கால்வாசி சந்திப்பு இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன. அங்கே குறுக்கே நடந்தவரைக் குறை சொல்வது சுலபம். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் எதிரே தெரிகிற வீட்டுக்குப் போக அரை மைல் போய் அரை மைல் திரும்பி வருவாரா? அட்லாண்டாவில் பியூஃபோர்ட் ஹைவே இதற்குப் பேர்போனது. புதிதாக வந்து குடியேறியவர்களின் வீடும் கடையும் நிறைந்த ரோடு அது, பாதசாரி விபத்துக்கும் அதே ரோட்டைத்தான் சொல்வார்கள்.

அதனால் மாநிலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நியூஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோபோகென் ஊரில் 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு வருடத்துக்கும் மேலாக ஒரு சாலை மரணம் கூட இல்லை. தெருமுனையை ஒட்டி கார் நிறுத்த விடாமல் தடுத்தார்கள், கடக்கிறவரும் ஓட்டுகிறவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. வேகத்தை 20 மைலுக்குக் குறைத்தார்கள். அதே மாநிலத்தில் நம் ஆட்கள் அதிகம் இருக்கிற எடிசன் பக்கம் ரூட் 1 என்ற நெடுஞ்சாலையில் நடந்து பாருங்கள், முற்றிலும் வேறு உலகம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஏஏஏ அறக்கட்டளையின் 2011 ஆய்வுப்படி 23 மைல் வேகத்தில் மோதினால் பத்தில் ஒருவர் இறக்கிறார். 32 மைலில் நாலில் ஒருவர். 42 மைலில் பாதிப்பேர். அதற்கு மேல் இங்கே வண்டிகளும் பெரியவை. முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும் பிக்கப், எஸ்யூவி மோதினால் இறக்கும் வாய்ப்பு தாழ்வான காரைவிட சுமார் 45 சதவீதம் கூடுதல் என்று, இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2023-இல் கண்டுபிடித்தது. அந்த உயரமான வண்டிக்கு நேர் முன்னால் ஒரு சின்னக் குழந்தை நின்றால் டிரைவர் கண்ணுக்கே தெரியாது.

லீஸில் கையெழுத்துப் போடும் முன், கூகுள் மேப்ஸில் ஸ்ட்ரீட் வியூ போட்டு வாசலிலிருந்து கடைவரை நகர்த்திப் பாருங்கள். எத்தனை லேன், நடைபாதை பாதியில் அறுந்துபோகிறதா, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கிராசிங் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். முடிந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை நேரில் போங்கள். பகலில் நன்றாகத் தெரிகிற ரோடு விளக்கு இல்லாமல் கிடக்கும். இறந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் இருட்டில்தான் இறந்திருக்கிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்துவார்கள். மறுநாளிலிருந்து ஆபீஸ் முடியும் நேரத்தில் இருட்டிவிடும். அந்த வாரம் கூடுதல் கவனம் வேண்டும்.

கடப்பது பற்றி. முதல் விஷயம், இங்கே வண்டி இடப்பக்கமிருந்து வரும். நமக்கு வலப்பக்கம் பார்த்தே பழக்கம், உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பும். முதல் சில மாதம் இதை மனதில் வைத்தே இறங்க வேண்டும்.

இனி கலிஃபோர்னியாவில் எல் கமினோ ரியல் மாதிரி ஒரு பெரிய ரோட்டின் சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் இருக்கிற பட்டனை அழுத்தாவிட்டால் பல இடங்களில் நடக்கும் மனிதன் விளக்கு வரவே வராது. வெள்ளை மனிதன் தெரிந்தால் இறங்கலாம். சிவப்புக் கை மினுக்கி நொடிகள் குறைந்துகொண்டு வந்தால், இறங்கியவர்கள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலான மாநிலங்களில் அப்போது புதிதாக இறங்கக் கூடாது, கலிஃபோர்னியாவில் மிச்ச நொடிகளுக்குள் கடந்து முடிக்க முடிந்தால் மட்டும் இறங்கலாம். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. வலது பக்கம் திரும்ப நிற்கிற டிரைவருக்குச் சிவப்பு விளக்கிலும், நின்று பார்த்துவிட்டுத் திரும்ப அனுமதி உண்டு. அவர் கண் முழுக்க இடப்பக்கம், எப்போது இடைவெளி கிடைக்கும் என்று. நீங்கள் அவருக்கு வலப்பக்கம் நிற்கிறீர்கள். இடைவெளி கிடைத்ததும் இந்தப் பக்கம் திரும்பாமலே ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பி, கண்ணோடு கண் பார்த்த பிறகே அந்த வண்டிக்கு முன்னால் காலை வையுங்கள். நியூயார்க் நகரத்துக்குள் சிவப்பில் திரும்பக் கூடாது என்பதுதான் பொது விதி. அங்கே பழகிவிட்டு வேறு ஊருக்கு மாறுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத கிராசிங்கில் ஒரு கார் உங்களுக்காக மரியாதையாக நிற்கும். நன்றி சொல்லிக்கொண்டு வேகமாக நடப்போம். பக்கத்து லேனில் வருகிறவருக்கு அந்த நின்ற கார் உங்களை மறைத்துக்கொண்டிருக்கும். நின்ற காரின் முன்முனைக்கு வந்ததும் நீங்களும் நின்று, எட்டிப் பார்த்து, அடுத்த லேனும் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு நடங்கள். கையைக் காட்டிக்கொண்டே இறங்கினால் வண்டிகள் ஒதுங்கும் என்ற பழக்கம் 45 மைல் ரோட்டில் உயிரை வாங்கிவிடும்.

சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2023 முதல், உடனடி ஆபத்து இல்லாதவரை நடுரோட்டில் கடந்ததற்காகப் போலீஸ் நிறுத்தக் கூடாது. நியூயார்க் நகரத்திலும் 2024-இல் சட்டம் மாறியது. டெக்சாஸில் அடுத்தடுத்து சிக்னல் உள்ள இடத்தில் நடுவில் கடந்தால் அபராதம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் தெரு சந்திக்கும் முனையில் கோடு போடாவிட்டாலும் அது கிராசிங்தான், வண்டி உங்களுக்கு வழிவிட வேண்டும். ஆனால் அந்த உரிமையை நம்பி ஆறு லேன் ரோட்டில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்பா அம்மா நடைக்குக் கிளம்பினால், வந்த முதல் வாரமே கூட நடந்து பாதையைக் காட்டிவிடுங்கள். மெயின் ரோட்டைத் தொடாமல் குடியிருப்புக்குள்ளேயே சுற்றி வருகிற பாதையாக இருந்தால் ரொம்ப நல்லது. நடைபாதை இல்லாத தெருவில் இடது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். மாலையில் பிரதிபலிக்கும் பட்டை வைத்த ஜாக்கெட் போடச் சொல்லுங்கள், அது விலை அதிகமில்லை. பாக்கெட்டில் வீட்டு முகவரியும் உங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

வண்டி லேசாகத் தட்டினாலும் "பரவாயில்லை, போங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். அவசர எண் 911-ஐக் கூப்பிட்டு போலீஸ் ரிப்போர்ட் வாங்குங்கள். அடி மறுநாள்தான் தெரியவரும், அப்போது ரிப்போர்ட் இல்லாமல் இன்ஷூரன்ஸில் பேசுவது கஷ்டம்.

உங்கள் வாசல் ரோடு மோசமாக இருந்தால் புகார் கொடுக்கலாம், அதற்கு வாக்குரிமை தேவையில்லை. பெரிய நகரங்களில் நகரச் சேவைக்கான போன் எண் 311, மற்ற இடங்களில் நகராட்சியின் பொதுப்பணித் துறை. ஆனால் இந்த ஆறு லேன் ரோடுகள் பல, மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில் இருப்பவை. எல் கமினோ ரியல், கலிஃபோர்னியாவின் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸுடையது. நகராட்சியிடம் எழுதினால் அங்கே போகச் சொல்வார்கள், அதனால் ரோடு யாருடையது என்று முதலில் பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் ஒட்டியிருக்கிற எண்ணைக் குறித்து அனுப்புங்கள், ஆள் வந்து தேட வேண்டியிருக்காது.