மறு: மறு: ‘மேற்கோள் தாக்கம்’ – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

சம்புநாத் டே பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. காலராக் கிருமி குடலில் என்ன செய்கிறது என்று கல்கத்தாவில் இருந்தபடி கண்டுபிடித்தவர். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியை ஊசி வழியே செலுத்துவார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருக்கும். 1959-இல் கிருமியையே நீக்கிவிட்டு, அது வளர்ந்த நீரை மட்டும் வடிகட்டிச் செலுத்தியிருக்கிறார். அப்போதும் உப்பியது. கிருமி வெளிவிடும் நஞ்சுதான் காரணம் என்பது அப்படித்தான் தெரிந்தது.

இதுவரை தமிழ் தடையில்லாமல் வந்தது. அடுத்த பகுதி, அந்த ஆய்வைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்பது. ‘மேற்கோள் தாக்கம்’ என்று எழுதலாமென்றால், முதல் பத்தியிலேயே ‘காலராத் தாக்கம்’ வந்துவிட்டது. ஒரே பக்கத்தில் நோயும் தாக்குகிறது, மேற்கோளும் தாக்குகிறது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்பட்டன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் எச்-இண்டெக்ஸ் என்பதற்கும் சொல் வேண்டும்.

நா.

---

அம்மா நா.,

தாக்கம் இருக்கட்டும். மேற்கோளே இங்கே பொருந்தாது. மேற்கோள் என்றால் பிறர் சொல்லை அப்படியே எடுத்து வைப்பது. ஆய்வாளர் எடுப்பது பொருளை. ‘முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்’ என்று நன்னூலில் வரும் வெண்பா மொழிபொருளையும் மொழியையும் பிரித்தே வைத்திருக்கிறது.

என் பரிந்துரை ‘கொளு’. புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில் துறையின், அதாவது பாடற்பொருள் பிரிவின், கருத்தைச் சுருங்கச் சொல்லும் பகுதிக்கு அதுதான் பெயர். கொள் என்ற அடியிலிருந்து கோள், கொள்கை, கொளு எல்லாம் பிறக்கின்றன. வானத்துக் கோளும் ஒளியைக் கவர்ந்து கொள்வதால் வந்த பெயர் என்பது என் நெடுநாள் கருத்து. கோள் சொல்வதும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் கொள்வதுதான். தனி மடலில் விரித்து எழுதுகிறேன். ஒருவர் கருத்தை மற்றவர் கொண்டால் கொளு. எத்தனை பேர் கொண்டார்கள் என்பது கொளுவெண்.

பேரா. அ.

---

> என் பரிந்துரை ‘கொளு’

ஐயா, வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கொளுவுக்கும் கொழுவுக்கும் பிள்ளைகளின் காதில் வேறுபாடு விழவில்லை. மருத்துவ வகுப்பில் கொழுப்பைப் பற்றித்தான் பாதி நாள் பேசுகிறோம். ‘எடுகோள்’ என்று வைத்தால் என்ன?

மரு. தே.

---

எடுகோள் வேண்டாம் அக்கா. எங்கட பக்கம் நிறுவாமல் ஏற்றுக்கொள்ளுற கூற்றுக்கு அதுதான் சொல். சுட்டு, சுட்டி என்றும் போகாதேங்கோ. ‘சுட்டிகளும் மடக்கைகளும்’ என்று கணிதப் பாடமே இருக்கு. எச்-சுட்டி என்றால் பிள்ளையள் எச் என்ற அடுக்கு என்று விளங்கிக்கொள்ளும்.

யாழ். ச.

---

எச்-க்கு வருகிறேன். 2005-இல் சான் டியேகோவின் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. ஒருவரின் கட்டுரைகளை, அதிகம் எடுத்தாளப்பட்டது முதலாக வரிசையாக அடுக்குங்கள். வரிசை எண்ணைவிட எடுத்தாண்ட எண்ணிக்கை குறையத் தொடங்கும் இடத்துக்கு முந்தைய எண்தான் அவருக்கு. 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 12 முறையாவது வந்திருந்தால் 12. ‘ஹிர்ஷ் எண்’ என்றே விடலாம். கிரந்தம் வேண்டாதவர்கள் ‘இர்சு எண்’ என்று எழுதட்டும். ஆளைப் பெயரால் அழைப்பதில் தூய்மை கெடாது.

ஆனால் டே கட்டுரையில் இந்த எண்ணைப் போடவே கூடாது என்பேன். ஒரே ஒரு கட்டுரை உலகத்தையே திருப்பினாலும் ஹிர்ஷ் கணக்கில் அது ஒன்றுதான்.

கு.

---

> மேற்கோளே இங்கே பொருந்தாது

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். அதே நன்னூலில் எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கை, சொல்லும்போது ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’ என்று வருகிறது. பிறர் கருத்தை மேற்கொண்டு, பிறகு மறுப்பது. ஆக, மேற்கொள்ளுதலில் சொல் மட்டும் அல்ல, கருத்தும் அடங்கும். அதைவிட முக்கியம், மறுப்பதற்காக எடுப்பதும் அதில் அடங்கும். இன்றைய மேற்கோள் கணக்கிலும் பாராட்டி எடுத்தது, மறுத்து எடுத்தது இரண்டும் ஒன்றாகத்தான் எண்ணப்படுகின்றன. இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

தாக்கத்துக்கு மாற்றாகச் ‘செல்வாக்கு’. செல்லும் வாக்கு. எவ்வளவு தூரம், எத்தனை பேரிடம் சென்றது என்பதுதானே கேள்வி? டேயின் வாக்கு மெதுவாகச் சென்றது. 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். 1985-இல் இறந்தார். மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு, காலரா ஆய்வில் யார் யாரை எடுத்தாண்டார்கள் என்று வரைபடம் போட்டு, டேயின் இடத்தைக் காட்டி எழுதியது 1986-இல். இதைத் ‘தாக்கம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

செ.

---

செல்வாக்கு என்றால் கட்சிச் செல்வாக்கு நினைவுக்கு வருகிறதே?

மரு. தே.

---

வரட்டும் அக்கா. கட்சிக்காரர்களுக்கு என்று ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட முடியாது.

செ.

---

அனைவருக்கும் நன்றி. இன்று புதன், இரவு பதினொன்று. மேற்கோள் செல்வாக்கு என்று போடுகிறேன், நான்கு பேர் ஒப்பியிருக்கிறீர்கள். ஹிர்ஷ் எண் பகுதியை கு. சொன்ன காரணத்துக்காக எடுத்துவிட்டேன். டேயின் முயல் குடலுக்கு அந்த இடத்தைக் கொடுத்தேன்.

நா.

---

அம்மா நா.,

மதமேற் கொண்டு என்ற மேற்கோளைக் காட்டிய செ.க்கு மறுப்பில்லை. கொளுவை விட்டேன் என்று பொருளில்லை. அடுத்த கட்டுரைக்கு வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ளகரம் வல்லினத்தின் முன் டகரமாகும். ‘மேற்கோட்செல்வாக்கு’ என்றாவது அச்சிடுங்கள்.

பேரா. அ.

---

ஐயா, பிரித்துத்தான் போட்டிருக்கிறேன். சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகள் ‘கோட்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பக்கம் போய்விட்டது.

நா.